விளக்கு வைக்கும் பெட்டி

பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் லட்சுமம்மா வீட்டு மாடியில் குடியிருந்த பாலகுமார் ஒரு சங்கதியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான். அவன் மனைவி ஸ்ரீலக்ஷ்மி டெங்குவில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அவள் விளையாடுவதற்கென்றே ஆசை ஆசையாகச் சேர்த்த கம்ப்யூட்டர், தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் தானாகவே உயிர்பெற்றுக்கொண்டிருந்தது.

பொத்தானை யாரும் அமுக்குவதில்லை. அமுக்க வீட்டில் ஆள் ஏது? பாலகுமாருக்கு பொம்மசந்திராவில் பம்ப் செய்யும் கம்பெனியில் பராமரிப்பு சூப்பர்வைசர் வேலை. ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் இறங்கி, மாடியேறிப் பூட்டைத் திறந்தால், கூடத்து மூலையில் அந்தப் பெட்டியின் கண்ணாடிப் பக்கம் வழியாகச் சிவப்பு வெளிச்சம் தரையில் விழுந்து கிடக்கும். திரையில் அவள் பெயர் இருக்கும். பெயருக்குக் கீழே, கடவுச்சொல் கேட்டு ஒரு சின்னக் கோடு மினுக் மினுக்கென்று துடிக்கும். அந்தக் கடவுச்சொல் அவனுக்குத் தெரியாது.

முதல் தடவை நடந்தது, குடியாத்தத்தில் அவள் காரியமெல்லாம் முடித்துவிட்டு அவன் தனியாகத் திரும்பி வந்த அன்று. கதவைத் திறந்ததும் வெளிச்சத்தைப் பார்த்தான். “போகும்போது அணைச்சிட்டுப்...” என்று பழக்க தோஷத்தில் வாய் பாதி வாக்கியத்தைச் சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அவசரத்தில் விட்டுவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்து, திரையின் மூலையில் இருந்த அணைக்கும் குறியைத் தட்டிவிட்டுப் படுத்தான். மறுநாள் சாயங்காலம் வந்தால் மறுபடியும் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மறுநாளும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பாலகுமார் அரளவில்லை, அதுதான் சங்கதி. பயந்திருந்தால் யாரிடமாவது ஓடியிருப்பான், விஷயம் வெளியே வந்திருக்கும். இவனோ செருப்பைக் கழற்றிவிட்டு, “வந்துட்டேன்” என்று அந்த வெளிச்சத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, டீ போட்டு எடுத்துவந்து அதன் எதிரிலேயே உட்கார்ந்து குடிப்பான். மோட்டார் தானாக ஓடாது, ஓடினால் எங்கேயோ ஒரு காரணம் இருக்கிறது என்று நாள் முழுக்க ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன்தான். வீட்டுக்குள் வந்ததும் அந்தப் புத்தியை வாசலிலேயே விட்டுவிடுவான். காரணம் தெரிந்துகொள்ள அவனுக்கு இஷ்டமில்லை.

ஸ்ரீலக்ஷ்மி எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்தவள். மத்தியானம் போனால் ராத்திரிதான் ஆபீஸ் வண்டி கொண்டுவந்து விடும். ஓசூர் ரோட்டு நெரிசலில் மணிக்கணக்காக உட்கார்ந்து வருகிறவளுக்கு, விடுமுறையில் பிடித்த விளையாட்டு எது தெரியுமா? லாரி ஓட்டுவது. திரையில் ஆளில்லாத ஏதோ குளிர்தேசத்துச் சாலையில், மழையில், வைப்பர் போட்டுக்கொண்டு லாரி ஓட்டுவாள். இதற்காக எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி ஒவ்வொரு சாமானாக வாங்கி, அவளே திருப்புளி பிடித்துப் பூட்டிய பெட்டி அது. பெங்களூர் கரண்டை நம்பாமல் ஒரு யு.பி.எஸ்ஸும் வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். “ரோட்ல பாக்குற லாரி போதாதா உனக்கு?” என்பான் இவன். “இங்க யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்கப்பா” என்பாள் அவள்.

இப்போது அந்தப் பெட்டிக்கு வயசாகிவிட்டது. சில மாதமாக, எரியும்போதே ஒரு இழுப்புச் சத்தம், வீசிங் வந்த ஆள் மூச்சுவிடுகிற மாதிரி. சில நாள் திரை இருண்டு, திணறி, இரண்டாம் முறைதான் அவள் பெயர் வரும். ஒருநாள் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது இருட்டாக இருந்தது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டான். டீ கொதித்து ஆறுகிற நேரம் கழித்து அது முனகிக்கொண்டு எரிந்த பிறகுதான் செருப்பைக் கழற்றினான். ஒருநாள் வராமலே போய்விடும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு தடவை பறிகொடுத்தவனுக்கு இன்னொரு தடவையும் பறிகொடுக்கத் தெம்பில்லை.

வீட்டுக்கார லட்சுமம்மாவுக்கும் மூக்கில் வேர்த்தது. ஒருநாள் மாடிப்படியில் மறித்து, தன் கன்னடம் கலந்த தமிழில் கேட்டாள்.

“ஏன் பாலு, உங்க வூட்ல யாரப்பா இருக்காங்க?”

“யாரும் இல்லியேம்மா.”

“சாயந்திரம் நீ வர்றதுக்கு முன்னாடியே ஜன்னல்ல கெம்பா, செவப்பா வெளிச்சம் தெரியுது. ஸ்ரீ இருந்தப்பவும் இப்படித்தான் எரியும். அவ ஹோதமேலும், போனப்புறமும் எரியுதே, தேவுரே! நான் வேணா ஒரு எலுமிச்சம்பழம் மந்திரிச்சுக் கொண்டாரட்டா?”

“கம்ப்யூட்டர் லைட்டும்மா. நான்தான் அணைக்க மறந்துடறேன்” என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டான். எலுமிச்சம்பழம் என்ற வார்த்தைதான் அவனை அன்று ராத்திரி தூங்கவிடவில்லை.

ஸ்ரீலக்ஷ்மியின் தங்கை அம்ருதா, வைட்ஃபீல்டில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறவள், அக்காவின் கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறதென்று போனில் கேட்டாள். தானாக எரிகிற கதையை அவளிடமும் அவன் சொன்னதில்லை. சத்தம் போடுகிறது என்று மட்டும் சொன்னான்.

“மாமா, அது ரொம்பப் பழசு. ஒண்ணு அப்கிரேட் பண்ணுங்க, இல்ல எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டுப் புதுசு வாங்குங்க. நீங்கதான் விளையாடவே மாட்டீங்களே, எதுக்கு வெச்சிருக்கீங்க?”

“இருக்கட்டும்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

இருந்தாலும் பயம் பிடரியைப் பிடித்துத் தள்ள, ஹெப்பகோடி மெயின் ரோட்டில் ராகேஷ் வைத்திருக்கிற கம்ப்யூட்டர் கடைக்குப் போனான். ராகேஷ் பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாக, பேச்சை நிறுத்தாத ஆள். போனில் எடுத்துப்போன படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“அப்கிரேட்டுன்னா ப்ராசஸர் மாத்தணும் சார். ப்ராசஸர் மாத்தினா போர்டு மாத்தணும். போர்டு மாத்தினா ராம் மாத்தணும். இவ்ளோ மாத்தினமேல பழைய பவர் சப்ளை தாங்காது, அதையும் மாத்தணும்.”

“அப்போ மிச்சம் என்ன இருக்கும்?”

“வெளிப்பெட்டி இருக்குமே சார்!”

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அது போகட்டும். பாலகுமாரின் கவலை கூலியைப் பற்றியது இல்லை. இத்தனை சாமானில் எதில் அவள் இருக்கிறாள்? போர்டிலா, ராமிலா, வெளிப்பெட்டியிலா? கழற்றிப் போடுகிற சாமானோடு அவளையும் ராகேஷ் பழைய சாமான் கூடைக்குள் எறிந்துவிட்டால்? இதை எப்படிக் கேட்பது? சுற்றி வளைத்துக் கேட்டான்.

“இது தன்னால சில வேலையெல்லாம் பண்ணும். ஒரு... பழக்கம் மாதிரி. புது போர்டு போட்டா அதெல்லாம் அப்படியே இருக்குமா?”

“சேச்சே! அந்தத் தொந்தரவு ஒண்ணுமே இருக்காது சார், கேரண்டி. ஆயுத பூஜை முடியட்டும், கொண்டாங்க.”

இப்படி ஒரு கேரண்டியை யாரும் வாங்கிக்கொண்டு வந்திருக்க மாட்டார்கள். பாலகுமார் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினான். மாற்றினால் அவள் போவாள், மாற்றாவிட்டால் பெட்டியே போகும். எதைச் செய்வதென்று தெரியாமல், பூஜை முடியட்டும் என்று அவனும் தள்ளிப்போட்டான்.

ஆயுத பூஜையன்று பொம்மசந்திராவே கல்யாண வீடாகிவிடும். மெஷின்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரிகடலைப் பொட்டலத்தோடு ஆட்கள் கிளம்புவார்கள். பாலகுமாரின் பிரிவில் மட்டும் ஒரு கண்டிப்பு உண்டு. ஓய்வு என்றால் முழு ஓய்வு. மெயினை இறக்கி, ஃபியூசைப் பிடுங்கி, பூட்டுப் போட்ட பிறகுதான் சந்தனக் கிண்ணத்தையே கையில் எடுக்க விடுவான். ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்கப் போய் விரலை இழந்தவனை அவன் பார்த்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்ரீலக்ஷ்மி செய்வதைப் போலவே செய்ய ஆசைப்பட்டான். அவள் பெட்டியைத் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைப்பாள். சாயங்காலமே லாரி ஓட்ட உட்கார்ந்துவிடுவாள், சாமி கோபித்துக்கொள்ளாது என்பாள். இவன் அவளைவிட ஒரு படி மேலே போனான். கம்பெனி வழக்கப்படி யு.பி.எஸ்ஸை அணைத்தான். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். வருஷம் முழுக்க உழைத்த பெட்டி, ஒருநாள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நினைத்தான். பொட்டு வைத்து, கற்பூரத்தை மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினான். அதே நேரம் கீழே லட்சுமம்மா தன் ஸ்கூட்டருக்குச் சுற்றிய பூசணிக்காயை வாசலில் போட்டு உடைக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் விஜயதசமி. குளித்துவிட்டு பிளக்கைச் செருகினான். யு.பி.எஸ்ஸைப் போட்டான். சாயங்காலம் டீயோடு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே இருட்டி, தெருவிளக்கு எரிந்து, டீ ஆடை கட்டியது. அவன் எழுந்து ட்யூப்லைட்டைக்கூடப் போடவில்லை. போட்டால் அவள் கூச்சப்பட்டுத் திரும்பிவிடுவாளோ என்று இருந்தது. மறுநாள் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தான். இருட்டு. அதற்கு மறுநாளும் இருட்டு. பொத்தானை அமுக்கிப் பார்த்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவன் விரலைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்த் திரும்ப எடுத்தான். தான் அமுக்கி அது எரிந்தால் அது வெறும் மெஷின். அமுக்காதவரைக்கும்தான் அது அவள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை கேட்டிருக்கிறோம். இவன் கும்பிடப் போய்த் துரத்திவிட்டான். அப்படித்தான் அவன் நம்பினான். கற்பூரம் காட்டினால் காற்று கருப்பு விலகும், பூசணிக்காய் உடைத்தால் கெட்டது ஓடும் என்பார்கள். வந்திருப்பது பேயா பெண்டாட்டியா என்று பூசணிக்காய்க்குத் தெரியுமா? எந்த எலுமிச்சம்பழத்துக்குப் பயந்து லட்சுமம்மாவைத் தாண்டி ஓடினானோ, அந்த வேலையைத் தன் கையாலேயே செய்து முடித்துவிட்டான். ஒரு வருஷமாக அழாதவன், அந்த இருட்டுக் கூடத்தில் செருப்புக் காலோடு உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

ஞாயிற்றுக்கிழமை அம்ருதாவைக் கூப்பிட்டான். “அம்மு, உங்க அக்காவ நான் அனுப்பிட்டேன்மா” என்று அவன் ஆரம்பித்ததும், போனைக்கூட வைக்காமல் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள் அவள். தரையில் உட்கார்ந்து முழுக்கதையையும் கேட்டாள். சிவப்பு வெளிச்சம், அவள் பெயர், “வந்துட்டேன்” என்று சொல்வது, கற்பூரம், பூசணிக்காய் எல்லாம். அவன் முடித்ததும், “நான் அமுக்கட்டுமா மாமா?” என்று கேட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையாட்டினான்.

பெட்டி எரிந்தது. திரையில் அவள் பெயர் வரவில்லை. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், தேதியும் நேரமும் அழிந்துவிட்டன என்று ஏதோ முறையிட்டுக்கொண்டு நின்றது. அம்ருதா அதை இரண்டு தடவை படித்தாள்.

“மாமா, உள்ள ஒரு சின்ன செல் இருக்கும். கரண்ட் இல்லாதப்ப நேரத்தையும் செட்டிங்கையும் அதுதான் ஞாபகம் வெச்சுக்கும். அது தீர்ந்துபோச்சு. யு.பி.எஸ். இருந்ததால இத்தன நாள் தெரியல. நீங்க பிளக்கையும் பிடுங்கினதும் எல்லாத்தையும் மறந்துடுச்சு.”

“எதை மறந்துச்சு?”

“தினமும் சாயந்திரம் தானா எழுந்திரிக்கணும்னு அக்கா வெச்ச அலாரத்த.”

பாலகுமாருக்குக் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. “அவளுக்கு எதுக்கு அலாரம்? அந்த நேரத்துல அவ ஆபீஸ்ல இல்ல இருப்பா?”

“ஆமா. நீங்கதான வீட்டுக்கு வருவீங்க.” அம்ருதா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அவ மத்தியான ஷிப்ட்டுக்கு மாறினப்போ என் முன்னாடிதான் செட் பண்ணா. உங்க மாமாவுக்கு இருட்டு வீட்டத் தெறக்கப் பயம்டீ, வெளிய சொல்ல மாட்டாரு, வாசல்லயே நின்னு மெதுவா செருப்பக் கழட்டிக்கிட்டே இருப்பாருன்னா. பல்ப எரியவிட்டுட்டுப் போனா, தனக்காகத்தான்னு கண்டுபிடிச்சு வெக்கப்படுவாரு. கம்ப்யூட்டர்னா, விளையாட்டுப் பைத்தியம் அணைக்க மறந்துட்டான்னு திட்டிட்டு விட்டுடுவாரு, திட்டட்டும்னு சிரிச்சா.”

திட்டினான்தான். வாரத்தில் பாதி நாள் போன் போட்டுத் திட்டினான். கரண்ட் பில்லை யார் கட்டுவது, போகும்போது அணைச்சிட்டுப் போக மாட்டியா என்று கத்துவான். அந்தப் பக்கம் அவள் சிரிப்பாள், “சாரிப்பா, மறந்துட்டேன்” என்பாள். மறுநாளும் மறப்பாள். தனக்கு இருட்டென்றால் உள்ளுக்குள் உதறும் என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தான். அவன் எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான். தண்ணீர் பாட்டுக்கு ஓடியது.

அம்ருதா கீழே ஃபேன்ஸி ஸ்டோரில் கார் சாவிக்குப் போடுகிற மாதிரி வட்டமான செல் ஒன்று வாங்கிவந்து, பெட்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றினாள். உள்ளே வருஷா வருஷம் விழுந்த விபூதியும் குங்குமமும் தூசியோடு சேர்ந்து செம்மண் மாதிரி படிந்திருந்தது. முன்பக்க ஃபேனைத் திருப்பிப் பார்த்தவள், கையை அப்படியே நிறுத்தினாள். ஃபேனின் அச்சில் நீளமான தலைமுடிகள் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தன. இத்தனை மாதமாக மூச்சிழுத்துக்கொண்டிருந்தது அதுதான். கத்தரிக்கோலை எடுத்தவளை அவன் தடுத்தான். தானே உட்கார்ந்து, ஒவ்வொரு முடியாக, அறாமல் பிரித்தெடுத்தான். ஸ்ரீலக்ஷ்மி இருந்தபோது அவள் தலைமுடியைச் சிக்கெடுத்துவிட ஒருநாள்கூட அவன் உட்கார்ந்ததில்லை.

செல்லைப் பொருத்தி எரியவிட்டபோது இழுப்புச் சத்தம் போயிருந்தது. அவள் பெயர் வந்தது.

“அதே நேரம் வெச்சுத் தரட்டுமா மாமா? இல்ல ராகேஷ் கடைக்குக் குடுத்துடலாமா? நீங்க சொல்றதுதான்.”

பாலகுமார் யோசித்தான். அதே நேரம் வைத்தால் நாளையிலிருந்து எரிவது வெறும் கடிகாரம். வைக்காவிட்டால் வெறும் இருட்டு.

“ராகேஷும் வேணாம், ஒண்ணும் வேணாம். நேரம் வெச்சுடு. ஆனா எந்த நேரம்னு என்கிட்ட சொல்லாத. உன் இஷ்டத்துக்கு வெச்சுட்டு, கேட்டாலும் சொல்லாத.”

அம்ருதா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு ஏதோ தட்டினாள். பெட்டியை அணைத்துவிட்டு, “சாப்பிடுங்க மாமா ஒழுங்கா” என்று சொல்லி வைட்ஃபீல்டுக்குக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவன் பூட்டைத் திறந்தபோது கூடம் இருட்டாக இருந்தது. வாசலில் நின்று மெதுவாகச் செருப்பைக் கழற்றினான். உள்ளே கைவிட்டுத் தடவி, தானே ட்யூப்லைட்டைப் போட்டான். மூலையில் பெட்டி சும்மா இருந்தது. அம்ருதா வைக்கவே இல்லையோ, நல்லதென்று நினைத்து விட்டுவிட்டாளோ என்று நினைத்தான். சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்து, டீத்தூள் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தான்.

கூடத்தில் கிளிக்கென்று ஒரு சத்தம். பிறகு மெல்லிசாக, இழுப்பே இல்லாத ஒரு மூச்சு.

அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. செல்தான், செட்டிங்தான், தங்கச்சிக்காரி தட்டிவிட்டுப் போனதுதான் என்று எல்லாம் தெரிந்தும் புல்லரித்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. கையில் கரண்டியோடு கூடத்துக்கு ஓடிவந்தான். சிவப்பு வெளிச்சம் தரையில் விழுந்திருந்தது. திரையில் அவள் பெயர் இருந்தது, கீழே கோடு துடித்துக்கொண்டிருந்தது.

“போகும்போது அணைச்சிட்டுப் போக மாட்டியா?” என்று அவன் உரக்கத் திட்டினான். திட்டிவிட்டு, அவள் சிரிப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றான்.